மீட்டரைப் பார்க்காமல் வாங்காதீர்கள், காட்டாமல் விற்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. லெப்டொப் வைத்திருக்கிறவர்கள், முக்கியமாக என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்கள், பொறுமையாக வாசியுங்கள். கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற சகோதரர்களும் வாசியுங்கள். கோபம் வரும். முடிவு வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவருடைய லெப்டொப் ஏழு வருடம் பழையது. போன வருடம் அதன் ஹார்ட் டிஸ்க் தகராறு பண்ணத் தொடங்கியது. கணவர் பஸாரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் சொன்னது: "இதில 500 ஜீபீதான் இருக்கு. நான் 1 டீபீ போட்டுத் தாரன். புதுசு. ஆறு மாசம் வொரன்டி." கேட்க நல்லாத்தான் இருந்தது. இடம் இரண்டு மடங்கு, சொன்னதும் எங்கட ஆள். பில் கேட்கவில்லை. பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு ஏற்றிக் கொடுத்தார்கள். பழையதை இவர்களும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

நான்கு மாதம். அதற்குப் பிறகு 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். ஒரு வாரத்தில் லெப்டொப் திறக்கவேயில்லை.

டீச்சர் டிஸ்க்கைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தார். "சேர், ஒருக்கா பாருங்க. தரம் 10, 11 பிள்ளைகளின்ட கணிப்பீட்டுப் புள்ளியெல்லாம் இதிலதான்." நான் கணித ஆசிரியர், ரிப்பெயார்காரன் இல்லை. என்றாலும் இன்னொரு கம்பியூட்டரில் மாட்டிப் பார்த்தேன். டிஸ்க்கை அடையாளம் கண்டது, பைல் ஒன்றும் திறக்கவில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். டிஸ்க் தன் வாழ்நாளில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது காட்டும்.

18,400 மணி நேரம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. டீச்சர் நாளுக்கு நான்கு மணி நேரம் லெப்டொப்பைப் பாவித்திருந்தாலும் நான்கு மாதத்தில் 480 மணி நேரம்தான் வரும். மீதி கிட்டத்தட்ட 18,000. ஓர் அலுவலகக் கம்பியூட்டர் வருடத்துக்கு 250 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்தால் 2,000 மணி நேரம். அப்படியென்றால் "புதுசு" என்று விற்ற அந்த டிஸ்க் ஓர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் உழைத்த அளவு ஓடியது.

கணவரோடு நானும் கடைக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. "வெளிநாட்டில இருந்து வந்த மெஷினில கழட்டினது சேர். டெஸ்ட் பண்ணித்தான் போடுறோம். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார். அதே மாதிரி இன்னொன்று போட்டுத் தரவும் தயாராக இருந்தார். கழற்றின பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். "அது குப்பைக்குப் போய்ட்டு." அந்தக் குப்பையில்தான் டீச்சரின் மூன்று வருட வினாத்தாள்கள் போயின. அது வீட்டு அலுமாரியில் கிடந்திருந்தால் பாதியையாவது எடுத்திருக்கலாம்.

இந்தப் பதிவை எழுத வைத்தது "எல்லாரும் அப்படித்தான்" என்ற அந்த ஒரு வார்த்தைதான்.

பழைய சாமான் விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ரீகண்டிஷன் சாமானில் வாழ்கிற நாடு இது. வேன், மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, எத்தனையோ பேரின் லெப்டொப்பும் கூட யாரோ பாவித்தவைதான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன பிறகு புதுச் சாமான் பலருக்கு எட்டாத கனவாகிவிட்டது. பழையதைப் பழையது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் ஹலாலான வியாபாரம்தான். பழையதைப் புதுசு என்று சொல்வதற்கு நம் மார்க்கத்தில் வேறு பெயர். ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வியாபாரி மழை நனைத்ததாகச் சொன்னார். அதற்கும், நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் பதில் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க்கின் ஈரம் அதன் மணி நேரக் கணக்கில் இருக்கிறது. அதை மேலே வையுங்கள்.

குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்று படித்திருக்கிறோம். குத்பாவில் கேட்டுவிட்டு வந்து, வாங்கின மனிதன் திருப்பிக் கொண்டுவந்தால் "வொரன்டி ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு" என்கிறோம்.

சரி, கடைக்காரரை மட்டும் சாடிவிட்டுப் போனால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன். மற்றப் பாதி நாங்கள்.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் போனால் நாங்கள் எப்படிப் போகிறோம்? தெரிந்த பாஸைக் கூட்டிக்கொண்டு போகிறோம். மீட்டரைப் பார்க்கிறோம். மீட்டரைத் திருப்பியிருப்பானோ என்று டயரைப் பார்க்கிறோம். எஞ்சின் நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறோம். ஆனால் பிள்ளைகளின் புள்ளி, குடும்பத்தின் படங்கள், வாப்பாவின் கடைசி வீடியோ எல்லாவற்றையும் வைக்கப்போகிற டிஸ்க்குக்கு ஒரேயொரு கேள்விதான்: "எத்தனை ஜீபீ?"

படித்த நாங்களே இப்படிக் கேட்டால், கடைக்காரர் ஜீபீயைத்தான் விற்பார். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் துணைச் சேமிப்பகம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் பரீட்சையும் வைக்கிறோம். ஆசிரியரின் லெப்டொப் பழுதானால் கண்ணை மூடிக்கொண்டு நீட்டுகிறோம்.

ஹார்ட் டிஸ்க்குக்கும் மீட்டர் உண்டு. ஸ்மார்ட் என்று பெயர். இன்று விற்பனையில் இருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் தங்கள் ஓட்டத்தைத் தாங்களே பதிந்து வைக்கின்றன. நான் சொன்ன மென்பொருளைத் திறந்தால் வலது மேல் மூலையில் ஓடிய மணி நேரமும் எத்தனை தடவை இயக்கப்பட்டது என்பதும் இருக்கும். ஹார்ட் டிஸ்க் என்றால் கீழே உள்ள பட்டியலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். 05 என்பது பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள், சி5 என்பது வாசிக்கச் சிரமப்பட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் சாதாரணமாகப் பதினறும எண்ணில்தான் வரும். அதைத் தசமத்துக்கு மாற்றத் தெரியாத ஐசிடி ஆசிரியர் நம் வலயத்தில் இருக்க மாட்டார் என்று நம்புகிறேன். உண்மையாகவே புதிய டிஸ்க் என்றால் மணி நேரம் பூச்சியம், அல்லது ஒற்றை இலக்கம். கடையிலேயே மாட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இந்த மீட்டரையும் திருப்பலாமா? திருப்பலாம். 2025 தொடக்கத்தில் ஜேர்மனியில் இது பெரிய செய்தி. பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை அழித்து, புதியவை என்று கடைகளில் விற்றிருந்தார்கள். டிஸ்க்கின் உள்ளே வேறொரு பதிவில் பழைய கணக்கு அழியாமல் இருந்ததால் பிடிபட்டது. ஆகவே மீட்டரோடு இன்னும் இரண்டைச் சேருங்கள். ஒன்று, தொடர் இலக்கம். தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அதைப் போட்டு வொரன்டி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, பில். அதில் 'புதியது' அல்லது 'பாவித்தது' என்ற சொல்லும் தொடர் இலக்கமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் கையில் பில் இல்லாமல் என்னவென்று முறையிடுவது? டீச்சர் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். காசு திரும்பவில்லை.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. ஏழு வருடம் பழைய லெப்டொப்புக்கு இன்னொரு சுழலும் டிஸ்க்கை ஏன் போட வேண்டும்?

லெப்டொப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்பவை. உள்ளே ஒரு தட்டு, அதன் மேல் ஆடுகிற ஒரு சின்னக் கை. ஒவ்வொரு பைலுக்கும் அந்தக் கை இடம் மாற வேண்டும், தட்டு சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். செக்கனுக்கு நூறு தடவைகூட அதனால் இப்படி இடம் மாற முடியாது. எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை. ஆயிரக்கணக்கான தடவை எடுத்துக் கொடுக்கும். விண்டோஸ் திறக்கும்போது வாசிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பைல்களை. உங்கள் லெப்டொப் திறக்க ஐந்து நிமிடம் எடுப்பதும், சூம் வகுப்பில் உறைந்து நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். புரொசசர் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புது லெப்டொப்புக்குக் கடன் எடுக்கிறோம். கிழடானது டிஸ்க்.

"1 டீபீ" என்ற ஆசையையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மெல்லிய லெப்டொப் டிஸ்க்குகளில் 1 டீபீ அடைப்பதற்காகப் பலவற்றில் தடங்களைக் கூரை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி எழுதுகிறார்கள். ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கழற்றி அடுக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். நிறைய எழுதும்போது டிஸ்க் இழுபடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சிலவற்றை இந்த முறையில் செய்துவிட்டு, அதைச் சொல்லாமல் விற்றது வெளியே வந்தது. பிறகு பட்டியல் வெளியிட வேண்டி வந்தது, அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். பெரிய கொம்பனியும் மறைக்கும், சின்னக் கடையும் மறைக்கும். கேட்கிறவன் இருந்தால்தான் சொல்வார்கள்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஓர் ஆசிரியரின் லெப்டொப்புக்கு, பாவித்த 1 டீபீ ஹார்ட் டிஸ்க்கைவிடப் புதிய 240 ஜீபீ எஸ்எஸ்டி ஆயிரம் மடங்கு மேல். வினாத்தாள், பாடக்குறிப்பு, புள்ளி அட்டவணை எல்லாம் சேர்ந்தும் பத்து ஜீபீ வராது. இடத்தை நிரப்புவது வட்ஸ்அப்பில் வந்த காலை வணக்க வீடியோக்கள்தான்.

வாங்க முன் எது பொருந்தும் என்று பாருங்கள். பழைய லெப்டொப்புகளில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா டிஸ்க். தடிப்பு 7 அல்லது 9.5 மில்லிமீட்டர். எஸ்எஸ்டிகள் பொதுவாக 7 என்பதால் இரண்டு இடத்திலும் உட்காரும், 9.5 இடத்தில் ஓரத்துக்கு ஒரு சட்டம் வைத்தால் போதும். கொஞ்சம் புதிய லெப்டொப்புகளில் சூயிங்கம் துண்டு மாதிரி எம்.2 அட்டை. இங்கேதான் ஏமாற இடம் உண்டு. எம்.2 வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். பார்வைக்கு இரண்டும் சகோதரர்கள், ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். மலிவான சில லெப்டொப்புகளில் சேமிப்பகம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது. லெப்டொப்பின் மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு போய் "இதுக்கு எது பொருந்தும், ஏன்?" என்று கேளுங்கள். அந்த 'ஏன்'னுக்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் டிஸ்க் மாற்ற வேண்டாம்.

"எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப் போகும் சேர், ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டாவது சொல்லும்" என்று ஒரு தம்பி சொன்னார். உண்மை. மறுக்க மாட்டேன். எழுத எழுத எஸ்எஸ்டி தேயும் என்பதும் உண்மை. ஆனால் 150 டீபீ எழுதத் தாங்கும் என்று உத்தரவாதம் தரப்பட்ட ஒரு 250 ஜீபீ எஸ்எஸ்டியில் நாளுக்கு 20 ஜீபீ எழுதினாலும் அதை முடிக்க இருபது வருடம். நாங்கள் ஐந்து ஜீபீகூட எழுதுவதில்லை. சொல்லாமல் சாகும் என்ற பயத்துக்கு மருந்து இரண்டாவது பிரதி. எந்த டிஸ்க்கும் ஒருநாள் சாகும். புள்ளி அட்டவணை ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். ஒரு பிரதி லெப்டொப்பில், ஒன்று பென் டிரைவில், ஒன்று கூகிள் டிரைவில். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நாங்கள் கட்டாமல் விட்டுவிட்டு "நஸீப்" என்கிறோம்.

படம், வீடியோவுக்கு இடம் வேண்டுமென்றால் இன்னும் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வெளியே வைத்துப் பாவியுங்கள். சத்தம் போடுகிற டிஸ்க்கை அப்படிப் பாவிக்க வேண்டாம். சத்தம் கேட்ட நிமிடமே வேறு எதுவும் செய்யாமல் தேவையானதைப் பிரதி எடுங்கள்.

இன்னொன்று. பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பழுதானாலும் உள்ளே இருப்பது இருந்துகொண்டேதான் இருக்கும். அழித்தாலும் முழுதாக அழியாது. எங்கள் லெப்டொப்புகளில் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள். வீட்டுப் பெண்களின் கல்யாணப் படங்கள். இவை எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். தெரியாத ஒருவரின் மேசை லாச்சிக்குள் அதை விட்டுவிட்டு வருவதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை. லெப்டொப்பைக் கொடுக்கும்போதே "கழட்டினதை என் கையில தாங்க" என்று சொல்லிவிடுங்கள். தேவையில்லை என்றால் வீட்டில் வைத்து, துளைக்கும் இயந்திரத்தால் நாலு ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள்.

கடைச் சகோதரர்களே, உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். டிஸ்க்குக்குச் சொன்ன விலையைத் தருகிற மனிதன், இரண்டு மணி நேரம் இருந்து விண்டோஸ் போட்டு, பைல் ஏற்றிய வேலைக்கு ஐந்நூறு ரூபா கேட்டால் முகத்தைச் சுளிக்கிறான். "சும்மா கிளிக் பண்ணினதுக்கா?" என்கிறான். கூலியைக் கேட்க முடியாததால் அந்த லாபத்தைச் சாமானுக்குள் ஒளிக்கிறீர்கள். ஒளித்துப் பழகிய பிறகு சாமானின் வயதையும் ஒளிப்பது இலேசாகிவிடுகிறது. இதில் எங்களுக்கும் பங்குண்டு. இனி வேலைக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் தருவோம். நீங்கள் மூன்றைத் தாருங்கள்: சாமான் புதிதா பாவித்ததா என்ற உண்மை, திரையில் மீட்டர், கையில் பில். இப்படிச் செய்கிற கடைகள் நம் ஊரிலும் இருக்கின்றன. "எல்லாரும் அப்படித்தான்" என்பது அவர்கள் மீது சொல்லப்படுகிற பொய்.

டீச்சரின் கதைக்கு வருகிறேன். அந்த ஏழு வருட லெப்டொப்புக்கு வேறொரு கடையில் புதிய 240 ஜீபீ எஸ்எஸ்டி போட்டோம். மாட்டும் முன் மீட்டரைப் பார்த்தோம், பூச்சியம். இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. குப்பையில் போட வேண்டும் என்று பலர் சொன்ன லெப்டொப் அது. புள்ளிகளை, கைப்பதிவேட்டில் இருந்தவற்றை மட்டும் மூன்று இரவு இருந்து திரும்ப ஏற்றினார். செயற்றிட்டப் புள்ளிகள் லெப்டொப்பில் மட்டும்தான் இருந்தன. அதற்காகப் பதினாறு பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்கட வேலையைத் திரும்பக் காட்டுங்க" என்று கேட்க வேண்டி வந்தது. ஒரு பிள்ளை கொப்பியை எறிந்துவிட்டிருந்தது. அந்தப் பிள்ளை செய்யாத தவறுக்கு அது திரும்ப எழுதியது.

கடையின் பெயரைக் கொமென்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பெயர் சொன்னால் அந்த ஒரு கடையோடு கதை முடிந்துவிடும். இன்றிரவு உங்கள் லெப்டொப்பைத் திறந்து உங்கள் டிஸ்க்கின் மீட்டரை நீங்களே பாருங்கள். எத்தனை மணி நேரம் என்று கீழே எழுதுங்கள். "புதுசு" என்று வாங்கியவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.